வழியனுப்பிய பேராசிரியர்

(தொம்மலூரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் உண்டு, நாடகம் உண்டு, குழந்தைகளுக்குப் பரிசும் உண்டு. அவற்றுக்கு நடுவே கணிதப் பேராசிரியர் ஒருவரைப் பற்றிப் பேச வந்து நிற்கின்றோம். கணிதம் என்ற சொல்லைக் கேட்டவுடனே பின்வரிசைப் பிள்ளைகள் சிலர் வாயிலை நோக்குவது தெரிகின்றது. அவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகின்றோம். இங்கே கரும்பலகையும் இல்லை; தேர்வும் இல்லை. ஒரு மனிதர் வாழ்ந்த வாழ்க்கை மட்டுமே உண்டு.

இந்தப் பொருளை நாம் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவர் சில திங்களுக்கு முன் நம்மைத் தேடி வந்தார். அவர் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்றவன். பொறியியற் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. பையனோ, எனக்குக் கணிதமே வேண்டும் என்கின்றான். அன்பர் சொன்னார்: "ஐயா, நாம் ஊரை விட்டு வந்தவர்கள். நமக்கு இங்கே நிலமா, புலமா? பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் சொத்து. அதைப் பொறியியலில் போட்டால் நான்கு ஆண்டில் வீடு நிமிரும். கணக்கில் போட்டால் என்ன வரும்?"

அன்று அவருக்கு நாம் நேரான விடை சொல்லவில்லை. தேநீர் கொடுத்தோம், ஆறுதலாகச் சில சொற்களைச் சொன்னோம். அவர் படியிறங்கிச் சென்றபின், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டோமே என்ற வருத்தம் நம்மைப் பற்றிக்கொண்டது. இன்று சொல்லப்போவது அவருக்குரிய விடையே. அவரும் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கின்றார்.

ஊர்விட்டு ஊர் வருதல் தமிழருக்குப் புதிதன்று. நாம் கூடியிருக்கும் தொம்மலூரே அதற்குச் சான்று. இங்குள்ள சொக்கப்பெருமாள் கோயிலில், சொக்கநாதசுவாமி கோயில் என்று மக்கள் வழங்கும் அந்தத் திருக்கோயிலில், தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இறைவனுக்கு விடப்பட்ட கொடைகளை அவை சொல்கின்றன. இவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றொரு பெயர் இருந்ததையும் அவற்றால் அறிகின்றோம். தேசி என்னும் சொல் ஊர்தோறும் சென்று வாணிகம் செய்தோரைக் குறிப்பது. ஆகவே, வந்தவர்கள் வாழ்ந்த ஊர் இது. வந்தவர்கள் கொண்டதைக் காட்டிலும் கொடுத்ததே கல்லில் நிற்கின்றது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நாம் பேச எடுத்துக்கொண்ட பேராசிரியரும் வந்தவரே. அவர் வந்தது மிகத் தொலைவிலிருந்து. சார்லஸ் ராசீன் என்பது அவர் பெயர். 1897ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பிறந்தார். இயேசு சபையைச் சேர்ந்த துறவியானார். துறவு பூண்டவர் கல்வியைத் துறக்கவில்லை. அந்நாளில் வடிவ கணிதத்தில் உலகமே வியந்து நோக்கிய ஏலீ கார்தான் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து, 1934ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ந்த பொருள் எளிதானதன்று. வானத்தில் இரண்டு கோள்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சுழலுமாயின், அவை செல்லும் வழியை நியூட்டன் காட்டிய முறையால் கணித்துவிடலாம். மூன்றாவது ஒன்று வந்து சேர்ந்தாலே கணக்கு கைமீறிப் போய்விடும். பல கோள்கள் இருந்து, நியூட்டனுக்கு மாறாக ஐன்ஸ்டைனுடைய சார்பியற் கொள்கையின்படி கணிக்க வேண்டுமென்றால் அதன் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்தச் சிக்கலே அவர் ஆய்வேட்டின் பொருள்.

இத்தகைய கல்வியும், பாரிசு நகரத்து முதன்மையான கணித அறிஞர்களின் பழக்கமும் உடையவர், அந்நாட்டிலேயே இருந்திருந்தால் ஆராய்ச்சியாளராக வளர்ந்திருக்கலாம். அவர் கப்பலேறினார். 1937ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிப் புனித வளனார் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். 1939ஆம் ஆண்டில் சென்னை லயோலாக் கல்லூரிக்கு மாறினார். அந்தக் கல்லூரி தொடங்கப்பெற்றது 1925ஆம் ஆண்டில். பதினான்கே ஆண்டு நிரம்பிய ஓர் இளங்கல்லூரியின் கணிதத் துறைக்கு உயிராக அவர் அமைந்தார். 1976ஆம் ஆண்டில் மறையும் வரையில் நம் நாட்டையே தம் நாடாகக் கொண்டார்.

ஒரு துறையை எப்படி நடத்துவது? இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழிக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். ராசீன் வருவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1930இல், இன்னொரு பிரெஞ்சுக்காரர் இந்தியாவுக்கு வந்தார். ஆந்திரே வெய்ல் என்பவர் அவர். அலிகார் முசுலிம் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று! இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணித மேதைகளுள் ஒருவராக அவர் பின்னாளில் போற்றப்பட்டார். துறையைப் புதுக்க வேண்டும் என்ற வேகம் அவருக்கு இருந்தது. ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்ற நம் தமிழ்நாட்டு விஜயராகவனை அழைத்து அங்கே ஆசிரியராக அமர்த்தினார். ஆனால் அந்த வேகத்தை அந்த இடம் தாங்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் வெய்ல் பதவி இழந்து திரும்பினார். விஜயராகவனும் அங்கே நிலைக்காமல் டாக்காப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

இரண்டாவது வழி ராசீன் சென்ற வழி. அது காத்திருக்கும் வழி. அன்றைய சென்னையில் கணிதம் தாழ்ந்து கிடக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாநிலக் கல்லூரியில் ஆனந்தராவ் இருந்தார். அவர் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். சீனிவாச இராமானுசன் அங்கிருந்த காலத்திலேயே அங்கிருந்தவர். விஜயராகவனும் சு. சி. பிள்ளை என்னும் எண்கணித அறிஞரும் ஆனந்தராவின் மாணவர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையை 1927 முதல் வைத்தியநாதசுவாமி வளர்த்து வந்தார். இந்தியக் கணிதக் கழகத்தின் ஆய்விதழைப் பல்லாண்டுகள் அவரே பதிப்பித்தார். 1950இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் இராமானுசன் கணித நிலையம் தோன்றியது. விஜயராகவனே அதன் முதல் இயக்குநர் ஆனார்.

எனினும், கல்லூரி மாணவன் படித்த பாடம் வேறாக இருந்தது. அது இங்கிலாந்தின் பழைய தேர்வு முறையைத் தழுவியது. கடினமான கணக்குகளைக் குறுகிய நேரத்தில் விடுவிக்கும் திறமையே அங்கே பெரிதாக மதிக்கப்பட்டது. அதே காலத்தில் ஐரோப்பாவிலே கணிதத்தின் முகமே மாறிக்கொண்டிருந்தது. தனித்தனிக் கணக்குகளை விடுத்து, அவற்றுக்கெல்லாம் அடியில் ஓடும் அமைப்பு எது என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஆந்திரே வெய்லும், ராசீனுடைய ஆசிரியரின் மைந்தர் ஆன்றி கார்தானும் இருந்தார்கள். அவர்களை ராசீன் நன்கு அறிந்தவர். ஆகவே, பாரிசில் எழுந்த புதுக் கருத்து நுங்கம்பாக்கத்து வகுப்பறைக்கு வந்து சேர ஒரு வாயில் கிடைத்தது.

அவர் செய்தது என்ன? தேர்வுக்கு உரியதைத் தேர்வுக்காகக் கற்பித்தார். ஆர்வமுள்ள மாணவனைக் கண்டால் பாடத்திட்டத்துக்கு வெளியே கைபிடித்து அழைத்துச் சென்றார். இன்ன நூலைப் படி, இன்ன நாட்டில் இன்னது நடக்கின்றது, இதுதான் இனி வளரப்போகும் கணிதம் என்று காட்டினார். மாணவன் வளர்ந்தபின் அவர் செய்த செயலே எல்லாவற்றினும் பெரியது. இனி உனக்கு இங்கே இடமில்லை; பம்பாய்க்குப் போ என்று வழியனுப்பினார்.

பம்பாயில் என்ன இருந்தது? டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஓமி பாபா அதனை 1945ஆம் ஆண்டில் தொடங்கினார். எங்கே தொடங்கினார் தெரியுமா? பம்பாயில் அன்று, இதே பெங்களூரில், இந்திய அறிவியற் கழகத்தின் வளாகத்தில்தான் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அது பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. அதன் கணிதப் பள்ளியைக் கட்டியெழுப்பும் பொறுப்பு 1949 முதல் க. சந்திரசேகரனிடம் இருந்தது. அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர், ஆனந்தராவின் மாணவர். 1951இல் க. கோ. இராமநாதனும் அவருடன் சேர்ந்தார். இராமநாதன் ஐதராபாத்தில் பிறந்து, லயோலாவில் ராசீனிடம் பயின்று, பிரின்ஸ்டன் சென்று பட்டம் பெற்று மீண்டவர்.

அங்கே இளைஞரைப் பழக்கிய முறை தனித்தன்மை உடையது. உலகப் புகழ் பெற்ற அறிஞர் ஒருவரைச் சில திங்களுக்கு அழைப்பார்கள். அவர் ஆற்றும் தொடர் சொற்பொழிவை முழுமையாக எழுதி நூலாக்கும் பணியை ஓர் இளம் மாணவனிடம் ஒப்படைப்பார்கள். ஒவ்வொரு வரியும் விளங்கினாலன்றி எழுத முடியாது. விளங்காததைக் கேட்டே தீர வேண்டும். நூல் அச்சாகும்போது அறிஞர் பெயரோடு மாணவன் பெயரும் இருக்கும். கையெழுத்துப் படியைத் திருத்தி எழுதியே கல்வி பெற்ற நம் பழைய ஏட்டு மரபை இது நினைவூட்டுகின்றது அல்லவா?

1953ஆம் ஆண்டில் லயோலாவிலிருந்து இரண்டு இளைஞர்கள் அங்கே சென்றார்கள். இருவரும் ஓராண்டில் பிறந்தவர்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர் மு. சே. நரசிம்மன், அந்நாளைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துத் தண்டரை என்னும் சிற்றூர்க்காரர், நாட்டுப்புறப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்றவர். மற்றவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்திரி, வழக்கறிஞரின் மகன், கருநாடக இசையில் நல்ல தேர்ச்சி உடையவர். இருவரும் சில ஆண்டுகள் பாரிசிலும் பயின்று, 1960இல் திரும்பி வந்தார்கள். 1965இல் இருவரும் சேர்ந்து ஒரு தேற்றத்தை வெளியிட்டார்கள். நரசிம்மன் சேஷாத்திரி தேற்றம் என்று உலகம் அதனை வழங்குகின்றது.

அது என்ன தேற்றம் என்று தாய்மார்கள் கேட்கலாம். முழுவதும் சொல்ல நமக்குத் திறமை போதாது. நிழலை மட்டும் காட்டுவோம். உளுந்து வடையின் மேற்பரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு துளை இருக்கின்றது. இரண்டு துளை, மூன்று துளை உடைய வடையையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு வெளியை நட்டு வைத்தால், அவை ஒன்றோடொன்று இணைந்து ஒரு கற்றையாகும். அவற்றுள் நிலைத்தன்மை உடைய கற்றைகள் எவை என்று இயற்கணிதத்தார் ஒரு பட்டியல் வைத்திருந்தனர். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், அந்தப் பரப்பின்மேல் துளையைச் சுற்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வழிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு வழிக்கும் நீளத்தை மாற்றாத ஒரு சுழற்சியைப் பொருத்தலாம். அப்படிப் பொருத்தும் முறைகளுக்கும் ஒரு பட்டியல் உண்டு. முதற்பட்டியல் இயற்கணிதத்தைச் சேர்ந்தது. இரண்டாவது சமச்சீரைச் சேர்ந்தது. உரிய முறையில் வகுத்துக்கொண்டால் இவ்விரண்டும் ஒரே பட்டியல்தான் என்று நம்மவர் இருவரும் நிறுவிக் காட்டினர். 1983இல் ஆங்கிலேயர் சைமன் டொனால்ட்சன் அதற்கு வேறொரு நிறுவல் தந்தார். இன்று கணிதத்தைக் கடந்து இயற்பியலிலும் அதன் செல்வாக்கு உண்டு. 2006இல் சவூதி அரேபியாவின் மன்னர் பைசல் பரிசு நரசிம்மனுக்கும் டொனால்ட்சனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தத் தேற்றத்தில் ராசீன் பெயர் இல்லை. அவர் அவர்களுடைய ஆய்வு நெறியாளரும் அல்லர். பட்டம் தந்தது பம்பாய்ப் பல்கலைக்கழகம். இடம் தந்தது டாட்டா நிலையம். ராசீன் தந்தது ஒரு வழிகாட்டலும் வழியனுப்பலும் மட்டுமே. ஆயினும் அந்த இரண்டும் இல்லையேல் மற்றவை எங்கே? படித்த பிள்ளைகளெல்லாம் அரசுப் பணித் தேர்வுக்கு அணிவகுத்து நின்ற காலம் அது. ஆராய்ச்சி என்பதும் ஒரு பிழைப்பு ஆகுமா என்று வீட்டார் ஐயுற்ற காலம். நல்ல மாணவனைத் தம் துறையிலேயே விரிவுரையாளனாக வைத்துக்கொண்டு பெருமை பேசிக்கொள்வது எந்தப் பேராசிரியருக்கும் எளிது. தம்மிடம் இருப்பது இவனுக்குப் போதாது என்று அறிவதும், அறிந்தபின் அனுப்பிவிடுவதும் அரிது.

மகிழ்ச்சியான செய்தியை மட்டுமே சொல்லிச் சென்றால் நாம் உண்மையை முழுதும் சொன்னவராக மாட்டோம். இன்னொரு மாணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் சி. ப. இராமானுசம். 1938இல் சென்னையில் பிறந்தவர். அவரும் லயோலா மாணவர். 1957இல் டாட்டா நிலையம் சென்றார். அவருக்காக ராசீன் எழுதிய பரிந்துரைக் கடிதம் பின்னர் வெளியாகியிருக்கின்றது. மதிப்பெண்ணைப் பற்றி ஆரவாரம் செய்யாமல், இந்த இளைஞனிடம் சொந்தச் சிந்தனை உண்டு, அறியும் வேட்கை உண்டு, போதிய வாய்ப்பு அளித்தால் நல்ல ஆராய்ச்சியாளனாவான் என்னும் கருத்தை அதில் எழுதியிருந்தார்.

அந்தச் சொல் பலித்தது. உருசிய அறிஞர் ஷஃபரேவிச் பம்பாயில் பேசியபோது அவர் சொற்பொழிவை நூலாக எழுதியவர் இராமானுசமே. தம் பிழைகளைத் திருத்தியதோடு, சில நிறுவல்களையும் இவரே நிறைவு செய்தார் என்று ஷஃபரேவிச் வியந்தார். அமெரிக்க அறிஞர் டேவிட் மம்ஃபோர்டு 1970இல் வெளியிட்ட பெருநூலிலும் இவர் எழுதிய பிற்சேர்க்கை உண்டு. ஆனால் இடையிலேயே மன நோய் அவரைத் தாக்கியது. தமக்குத் தகுதி இல்லை என்ற எண்ணம் அவரை வாட்டியது. பதவியைத் துறக்கவும் முனைந்தார். பின்னர்த் தம் விருப்பப்படியே பெங்களூருக்கு வந்து, இந்திய அறிவியற் கழக வளாகத்தில் டாட்டா நிலையம் தொடங்கிய பயன்முறைக் கணிதப் பிரிவில் பணி செய்தார். 1974ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், முப்பத்தாறாம் வயதில், இந்நகரிலேயே அவர் வாழ்வு முடிந்தது.

இதனை ஏன் சொல்கின்றோம்? வாய்ப்பு அளித்தால் மட்டும் போதாது என்பதற்காக. கற்கும் பிள்ளையின் உள்ளம் சோர்ந்தால், அது திமிர் என்றோ சோம்பல் என்றோ ஒதுக்கலாகாது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வது போலவே இதற்கும் செல்ல வேண்டும். ஊர் விட்டு வந்த குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் அருகில் இல்லை; பிள்ளை மனம் விட்டுப் பேச ஆளில்லை. ஆகவே நமக்கு இந்தப் பொறுப்பு இருமடங்கு.

ராசீனுடைய மரம் பரப்பிய கிளைகளுக்கு மீண்டும் வருவோம். ராகவன் நரசிம்மன் என்னும் மற்றொரு மாணவர் சிகாகோப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். க. கோ. இராமநாதன் 1970களில் நம் பெங்களூரில் டாட்டா நிலையத்தின் பயன்முறைக் கணித மையம் உருவாகப் பாடுபட்டார். சேஷாத்திரி 1984இல் சென்னைக்குத் திரும்பினார். 1989இல் சிறிய அளவில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்து நிற்கின்றது. ஆராய்ச்சி செய்வோரே இளங்கலை மாணவருக்கும் பாடம் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. பதினெட்டு வயது மாணவனும் முதிர்ந்த அறிஞரும் ஒரே கூடத்தில் இருக்கும் அமைப்பு அது. 2020ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் மறைந்தார்.

நரசிம்மன் பம்பாயில் பேராசிரியராக இருந்து உருவாக்கிய மாணவர்களுள் ரகுநாதன், இரமணன், பதோடி ஆகியோர் புகழ் பெற்றவர்கள். ரகுநாதன் இடைநிலை வகுப்பை நம் நகரத்துச் செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர் என்பதை இங்குள்ள மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். தேசிய உயர்கணித வாரியத்தின் முதல் தலைவரும் நரசிம்மனே. கணிதம் படிக்கும் மாணவருக்கு உதவித்தொகையும், நூலகங்களுக்கு நூல் வாங்கப் பொருளும் அந்த வாரியம் தருகின்றது. 1990களில் இத்தாலி நாட்டுத் திரியெஸ்தே நகரில், அப்துஸ் சலாம் நிறுவிய பன்னாட்டு மையத்தின் கணிதப் பிரிவுக்கு அவர் தலைமை தாங்கினார். வளரும் நாடுகளிலிருந்து வந்த இளைஞர்களுக்கு அங்கே அவர் வழிகாட்டினார். தண்டரையில் தொடங்கிய பிள்ளைக்கு நுங்கம்பாக்கத்துப் பேராசிரியர் செய்ததை, அவர் திரியெஸ்தேயில் உலகத்துப் பிள்ளைகளுக்குச் செய்தார்.

திரும்பி வந்தவர் எங்கே தங்கினார்? நம் பெங்களூரில்தான். இந்நகரத்து ஆராய்ச்சி நிலையங்களோடு இறுதி வரையில் தொடர்பு வைத்திருந்தார். 2021ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கேயே காலமானார். இத்தனை ஆண்டுகள் நம் அண்டையில் வாழ்ந்த ஒரு தமிழறிஞரை நம் விழா மேடைக்கு ஒரு முறையேனும் அழைத்தோமா? இல்லை. திரைப்பட நடிகரைத் தேடி அலைந்தோம். இந்தக் குறை பிறர் மேல் ஏற்றுவதற்குரியதன்று, நம்முடையதே.

இப்பொழுது அன்பருக்குரிய விடைக்கு வருகின்றோம்.

ஐயா, கணிதம் படித்தால் வீடு நிமிருமா என்று கேட்டீர்கள். பொறியியல் படித்தவன் விரைவில் பொருள் ஈட்டுவான் என்பதை நாம் மறுக்கவில்லை. கணிதம் படித்த ஒவ்வொருவனும் நரசிம்மன் ஆவான் என்று சொல்லி ஏமாற்றவும் மாட்டோம். ராசீனுடைய வகுப்பில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் பெயரை உலகம் அறியாது; அவர்கள் நல்ல ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் வாழ்ந்து முடித்திருப்பார்கள். அதுவும் நல்வாழ்வுதான். நாம் சொல்வது இதுவே: உங்கள் பிள்ளை எதற்குத் தகுந்தவன் என்பதை மதிப்பெண் பட்டியலும் அடுத்த வீட்டுக்காரரும் முடிவு செய்ய வேண்டா. அவனை நன்கு அறிந்த ஆசிரியரிடம் செல்லுங்கள். "இவன் கணக்குப் போடுகின்றானா, கணிதம் எண்ணுகின்றானா?" என்று கேளுங்கள். கணக்குப் போடுவது பயிற்சியால் வரும். விடை கிடைத்த பின்னும், ஏன் இப்படி என்று கேட்டு நிற்பவனே கணிதம் எண்ணுபவன். ராசீன் தேடியது அந்த ஒரு குணத்தைத்தான்.

அவ்வாறு எண்ணுபவனாயின் அஞ்ச வேண்டா. அன்று ராசீனுடைய மாணவர்கள் ஆயிரங்கல் தொலைவு செல்ல வேண்டியிருந்தது. இன்று வாயில்கள் பல. சில நம் நகரத்திலேயே உள்ளன. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூர் மையத்தில் கணித இளங்கலைப் படிப்பு உண்டு. இந்திய அறிவியற் கழகத்தில் நான்காண்டு அறிவியல் இளங்கலை உண்டு. சேஷாத்திரி நிறுவிய சென்னை நிறுவனத்திலும் சேரலாம். புள்ளியியல் நிறுவனமும் சென்னை நிறுவனமும் தாமே நுழைவுத் தேர்வு வைக்கின்றன. அவற்றில் மனப்பாடம் எடுபடாது, சிந்தனைக்கே மதிப்பு. அந்தத் தேர்வை ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும். அவன் உள்ளம் அங்கே மலர்கின்றதா, வாடுகின்றதா என்பது அவனுக்கே தெரிந்துவிடும். தேறினால் அனுப்புங்கள். மனம் மாறினால் மீண்டும் வரவேற்க உங்கள் வீட்டு வாயில் திறந்திருக்கின்றது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் அன்பு இயல்பானது. நம் பெற்றோருக்கும் அந்த அன்பு இருந்தது. ஆயினும், தருமபுரியிலும் வேலூரிலும் சேலத்திலும் நெல்லையிலும் ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்மை வண்டியேற்றி விட்டாள். அதனால்தான் எச்.ஏ.எல். தொழிற்சாலையிலும், படைத்துறை அலுவலகங்களிலும், பின்னாளில் கணிப்பொறி நிறுவனங்களிலும் நாம் வேலை பெற்று இங்கே வாழ்கின்றோம். அவள் நம்மை வழியனுப்பியது தான் கண்டறியாத ஓர் ஊருக்கு. நாம் நம் பிள்ளையை வழியனுப்ப வேண்டியது நாம் கற்றறியாத ஒரு கல்விக்கு. அவளுக்கு இருந்த துணிவில் பாதியேனும் நமக்கு வேண்டாவா?

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். மதிப்பெண்ணுக்குப் பரிசு தரும் வழக்கம் நடக்கட்டும். அதனோடு, பள்ளியில் பாடம் சொல்லும் ஆசிரியர் ஒருவரை ஆண்டுதோறும் இந்த மேடைக்கு அழைத்து ஒரு மாலை சூட்டுவோம். அவர் தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் கன்னடத்து ஆசிரியைகள் பலர் இவ்வட்டாரத்தில் இருக்கின்றார்கள். பிரான்சிலிருந்து வந்த ஒருவர் நம்மவர்க்கு ஆசிரியரானதை நினைத்தால், கற்பிப்பவருக்கு ஊரும் மொழியும் எல்லை அல்ல என்பது விளங்கும். நம் நூலகத்தின் ஓர் அடுக்கைக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஒதுக்குவோம். விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும்.

பேராசிரியர் ராசீன் பெயரால் வழங்கும் தேற்றம் எதுவும் நாம் அறிந்த வரையில் இல்லை. அவர் அனுப்பிவைத்த பிள்ளைகளின் பெயரால் தேற்றங்கள் உண்டு, நிலையங்கள் உண்டு. துறைத் தலைமை என்பது நாற்காலியில் அமர்வது அன்று. நம்மினும் உயரக்கூடிய ஒருவனை அடையாளம் கண்டு, அவனுக்கு வழிவிட்டு நிற்பது. பெற்றோர்க்கும் அஃதே தலைமை.

அன்பர் மகன் பரிசு பெறுவதற்காக இதோ முன்வரிசையில் காத்திருக்கின்றான். அவன் தந்தை என்ன முடிவு செய்தார் என்று நாம் கேட்கப் போவதில்லை. அது அவர் வீட்டுச் செய்தி. தம்பி, நீ எதைப் படித்தாலும் சரி. விடை வந்த பின்னும், ஏன் என்று கேட்பதை மட்டும் விட்டுவிடாதே.